நைனாவை அறையில் உட்கார வைக்கச் சொன்ன மகனுக்கு

பாபு,

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பெங்களூரில் ஏதோ மீட்டிங் இருந்திருக்கும் என்று நினைத்து மனதை ஆற்றிக்கொள்ள என்னால் முடியவில்லை. வாயால் சொன்னால் நீ பாதியில் வெட்டிவிடுவாய். எழுதினால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதுமில்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப் போகிறேன். உன் பெரியப்பா படிக்கட்டும், அத்தைகள் படிக்கட்டும், உன் நைனாவைப் பார்த்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார்களே, அந்த எல்லோரும் படிக்கட்டும். உன் நைனாவிடம் கேட்டுவிட்டேன். "போடு, என்னைப் பத்திதானே. நான் இன்னா திருடிட்டேனா?" என்றார்.

நீ நேற்று கேட்டது ஒரே கேள்வி. "சித்தூருக்குப் போய் அவங்ககிட்ட ஏம்மா சொன்ன? என் மானமே போச்சி." உன் மானம் போனது எங்கே என்று சொல்கிறேன், கேள். அது நான் பஸ் ஏறிப் போய்ச் சொன்னதால் போகவில்லை. சித்தூரில் உனக்குப் பெண் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த காரில், முன் சீட்டில் உட்கார்ந்திருந்த உன் நைனாவைப் பார்த்து, வாடகைக் கார் டிரைவர் கேட்கும்படி, "வாய மூடிக்கினு இருக்க மாட்டியா நீ?" என்று கத்தினாயே, அப்போதே போய்விட்டது.

நீ யாரைப் பார்த்துக் கத்தினாய் என்று உனக்கு நினைவில்லை போலிருக்கிறது. திருச்சானூரில் கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜில் உன் நைனா மேனேஜராக இருந்த காலத்தை நீ பள்ளிப் பையனாகத்தான் பார்த்திருக்கிறாய். பெட்டியை வைத்துவிட்டு வருகிறவனின் முகத்தைப் பார்த்தே, இவன் வேண்டுதல் நிறைவேறி வந்தவன், இவன் இனிமேல்தான் வேண்டிக்கொள்ளப் போகிறவன், இந்தப் புருஷன் பெண்டாட்டி வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் என்று சொல்லிவிடுவார். ஒருநாள் மத்தியானம் கையில் ஒரு பை கூட இல்லாமல் ஒரு பெண் வந்து தனியாக அறை கேட்டாள். சாவியைக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "உடனே கிளம்பி வா. அந்தப் பொண்ணு சிரிச்சிக்கினே பேசுது, ஆனா முகம் சரியில்ல" என்றார். நான் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். சாதத்தில் கை வைத்ததும் அவள் உடைந்துவிட்டாள். எதற்காக வந்தாள் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் அவள் அண்ணன் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். அந்த லாட்ஜ் வாசலில் அவளை எத்தனையோ பேர் பார்த்தார்கள். உன் நைனா ஒருத்தருக்குத்தான் தெரிந்தது.

அந்த மனிதர்தான், விஜயபுரத்தில் என் அண்ணன் சாவு வீட்டில், உடலைச் சுற்றி நாங்கள் கதறிக்கொண்டிருந்தபோது, "சாப்பாட்டுக்கு இன்னா ஏற்பாடு?" என்று சத்தமாகக் கேட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பதிலுக்காகக் காத்து நின்றார். என் அண்ணிக்கு அன்றைக்கு விழுந்த அடியில் அதுவும் ஒன்று. வயதானால் மனிதர்களுக்கு நெஞ்சு மரத்துவிடும் போலிருக்கிறது என்று நானும்தான் நினைத்தேன். கட்டிய புருஷனிடம் முகம் கொடுத்துப் பேசாமல் கொஞ்ச நாள் இருந்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பது இன்னும் எரிச்சலைத் தந்தது. கவனிக்க முடியவில்லை என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

பிறகு ஒருநாள் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவன், இடம் போதாத எரிச்சலில், "சாமி, இன்னும் கொஞ்சம் நல்லா காலை விரிச்சி உக்காருங்க, உங்க சொந்த ஆட்டோதானே" என்றான். உன் நைனா, "பரவால்லயா? ரொம்ப தாங்ஸ்பா" என்று சொல்லிக் காலை விரித்து உட்கார்ந்தார். ஆட்டோவே சிரித்தது. மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். பாபு, அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். தன்னைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு சேர்ந்து, எதற்கென்று தெரியாமல், மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கலாம் போல இருந்தது. அன்றைக்குத்தான் இது திமிரும் இல்லை, கல்நெஞ்சும் இல்லை, வேறு ஏதோ என்று எனக்குப் பட்டது.

திருப்பதியில் முதலில் பார்த்த டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்துவிட்டு என்னிடமே கேள்வி கேட்டார். "இவருக்கு ஞாபகம் இருக்குதா? இவரு கோபப்படுறாரா? தானே குளிக்கிறாரா?" கேள்வி முடிவதற்குள், "எனக்குக் காது நல்லா கேக்குது டாக்டர். என்னையே கேக்கலாம்" என்றார் உன் நைனா. டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியையும் என்னிடமே கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். ஒரு மனிதன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவனை ஒரு மூட்டையைப் போல நடுவில் வைத்துக்கொண்டு பேசுவதற்கு எத்தனை படிப்பு படித்திருந்தால் என்ன?

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா வேறு மாதிரி. அவரிடமே பேசினார், தெலுங்கில், நிதானமாக. சில முகங்களின் படங்களைக் காட்டி, இவர் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கண்கள் விரிந்து, பயந்து நிற்கிற ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து, "தூக்கம் வருது போல" என்றார் உன் நைனா. பிறகு டாக்டரம்மா சின்னச் சின்னக் கதைகள் சொன்னார். விருந்துக்கு வந்த ஒருத்தி, வீட்டுக்காரி ஆசையாகத் தைத்த திரைச்சீலையை, யார் தைத்தது என்று தெரியாமல், சகிக்கவில்லை என்கிறாள். இதில் யாராவது சொல்லக் கூடாததைச் சொன்னார்களா என்று கேட்டார். "இல்லையே, அவங்களுக்குப் பிடிக்கல, சொன்னாங்க" என்றார் உன் நைனா. ஸ்கேனும் எடுத்தார்கள். எல்லாம் முடிந்ததும் அந்த அம்மாள் சொன்னதை உனக்கு அன்றைக்கே போனில் சொன்னேன். நீ "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டாய். இப்போது மறுபடி சொல்கிறேன். இது மறதி நோய்க்கு முந்தைய கட்டம். அப்படியே நிற்கலாம், அதிகமாகவும் ஆகலாம். மூளையின் ஒவ்வொரு பகுதியும் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்கிற இணைப்புதான் தளர்ந்திருக்கிறது. ஒருவரின் முகம், குரல், சொன்ன சொல், சொன்ன இடம் எல்லாவற்றையும் நொடியில் சேர்த்துப் பார்த்துத்தான் நாம் அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்கிறோமாம். "சித்தூரும் இருக்குது, திருப்பதியும் இருக்குது, நடுவுல பஸ்தான் சரியா ஓடல" என்றார். "கிண்டல், ஜாடைப் பேச்சு, குத்திக் காட்டுறது எதுவும் இவருக்கு எட்டாது. எதுவா இருந்தாலும் நேரா வாயால சொல்லுங்க. சொன்னா புரிஞ்சிக்குவாரு. பாசம் எங்கயும் போகல."

திரும்பி வரும் வழியில் உன் நைனா என்னிடம் கேட்டார். "லாட்ஜ்ல இருந்தப்ப எனக்கு இதெல்லாம் தெரியும்ல?" தெரியும் என்றேன். "நல்லாவே தெரியுமா?" நல்லாவே தெரியும் என்றேன்.

இத்தனையும் தெரிந்துதான் நீ எங்களைச் சித்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனாய். கீர்த்தனாவை உனக்கு முன்பே பிடித்திருந்தது, எங்களுக்கும் சந்தோஷம்தான். "நைனா விஷயத்த இப்ப எதுக்கு அவங்ககிட்ட சொல்லணும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னவன் நீ. எனக்கு அது பிடிக்கவில்லை, உன் முகத்துக்காகச் சும்மா இருந்தேன். அவள் அப்பா நல்ல மனிதர். மாங்கூழ் ஆலையில் சூப்பர்வைசராக இருக்கிறவர், நாலு பேரைச் சிரிக்க வைத்துப் பழகியவர். தட்டில் கேசரி வந்ததும் எல்லாப் பெண்ணைப் பெற்றவர்களும் சொல்வதைத்தான் சொன்னார். "பாத்துக்கோங்க, எங்க பொண்ணுக்குச் சுடுதண்ணி மட்டும்தான் வெக்கத் தெரியும்." எல்லோரும் சிரித்தோம். உன் நைனா மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அப்படியா? முன்னாடியே சொல்லிட்டீங்க, நல்லது. எங்க வீட்டுக்காரியும் இனிமே ரொம்ப நேரம் அடுப்புகிட்ட நிக்க முடியாது. அப்ப எப்படிங்க? யோசிச்சிதான் சொல்லணும்" என்றார்.

கீர்த்தனாவின் அம்மா முகம் செத்துப்போனது. அவள் அப்பா சிரித்துச் சமாளித்தார். உன் நைனா விடவில்லை. "ஹோட்டல்லயே துன்னுட்டு இருக்க முடியாதே" என்றார். அதுவரை சுவரோரம் நின்றிருந்த பெண்ணின் தாய்மாமன் குத்தலாகச் சொன்னார், "ஆமாங்க, நீங்க சொல்றதும் சரிதான். உங்க புள்ளைக்கு எங்கனா மகாராணியா பாத்துக் கட்டி வைங்க." உன் நைனா உண்மையான அக்கறையோடு அவர் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரிஞ்ச இடம் ஏதாவது இருக்குதா?" என்று கேட்டார்.

அந்தக் கூடத்தில் இருந்தவர்களில், அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும் நீயும். நான் வாயைத் திறந்தேன். நீ என் கையை அழுத்திப் பிடித்தாய். "நைனாவுக்கு உடம்பு சரியில்லைங்க, அவரு கிண்டலுக்குச் சொல்லல, நிஜமாவே அப்படி நினைச்சிட்டாரு" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நீ சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாய். உன்னைப் பெற்றவரைத் திமிர் பிடித்த கிழவன் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், நோயாளி என்று மட்டும் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தாய். அதை என்னால் பொறுக்க முடியவில்லை பாபு. இன்னும் முடியவில்லை.

அதோடாவது நீ நின்றாயா? அவர்கள் அதையும் பொறுத்துக்கொண்டு சம்மதம் சொன்னதும், அடுத்த வாரம் போன் செய்து திட்டம் சொன்னாய். முகூர்த்தம் காணிப்பாக்கத்தில், கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ரூம் போட்டு நைனாவை டிவி பார்க்க வைத்துவிடலாம், தாலி கட்டுகிற நேரத்துக்கு மட்டும் கூட்டி வந்து ஓரமாக உட்கார வைத்தால் போதும், மணமேடையில் அப்பா ஸ்தானத்துக்குப் பெரியப்பா உட்காரட்டும், அவர் கலகலப்பாகப் பேசுவார். "அவருக்கே இது நல்லதும்மா. கூட்டம்னா அவருக்குக் கஷ்டம்" என்றாய். கூட்டம் அவருக்குக் கஷ்டம் என்று உனக்கு யார் சொன்னது? அவரைக் கேட்டாயா? கூட்டத்தில் அவர் இருப்பது உனக்குக் கஷ்டம். அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் அவர் தலையில் கட்டினாய். உன் பெரியப்பாவும் இதற்குச் சரி என்றாராம். கூடப் பிறந்த தம்பி உயிரோடு ரூமில் டிவி பார்த்துக்கொண்டிருக்க, அவன் நாற்காலியில் போய் உட்காருவதற்கு அவருக்குக் கூச்சமாக இருக்கவில்லையா என்று இதைப் படிக்கும்போது அவரே பதில் சொல்லட்டும்.

நான் அவரைக் கூட்டிக்கொண்டுதான் சித்தூருக்குப் போனேன். அவருக்குத் தெரியாமல் போய் அவரைப் பற்றிப் பேசுவது அந்த முதல் டாக்டர் செய்த காரியம்தான், அதை நான் செய்ய மாட்டேன். பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் நேராகச் சொன்னேன். "இன்னாங்க, அன்னிக்கு அவரு சொன்னது கிண்டல். அந்தப் பொண்ணுக்கு நல்லா சமைக்கத் தெரியும். நீங்க நிஜம்னு நினைச்சி பேசிட்டீங்க, அவங்க மனசு கஷ்டப்பட்டிருக்குது" என்றேன். அவர் பஸ்ஸில் எழுந்தே நின்றுவிட்டார். "அய்யய்யோ. ஏன் அப்பவே சொல்லல? முதல்ல போய் மன்னிப்புக் கேக்கணும்" என்றார். ஜன்னலோரம் உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த மனிதருக்கு நெஞ்சு மரத்துவிட்டதா, சொல்.

அவர்கள் வீட்டில் தாய்மாமனும் இருந்தார். நான் தொடங்குவதற்குள் உன் நைனாவே கையைக் கூப்பினார். "சம்மந்தி, எனக்கு மூளையில ஒரு கோளாறு. யாராவது கிண்டலா பேசினா தெரியறதில்ல. முகத்தைப் பாத்தும் தெரியறதில்ல. அன்னிக்கு நீங்க சொன்னத நிஜம்னு நினைச்சிட்டேன். பொண்ணையும் உங்களையும் நோகடிச்சிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். கீர்த்தனாவின் அப்பா பதறி எழுந்து அவர் கையைப் பிடித்து இறக்கினார். தாய்மாமன்தான் கேட்டார். "இது பரம்பரையா வருமா?" டாக்டரம்மாவிடம் நான் கேட்டிருந்ததை அப்படியே சொன்னேன். வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. பெண்ணின் அப்பா, "கொஞ்சம் யோசிக்கணும்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். யோசிக்க வேண்டியதுதான். அவர் பெண்ணைப் பெற்றவர். இதைக் கேட்டுத்தான் நீ நேற்று என்னிடம் கத்தினாய். நான் உன் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்றாய்.

நீ போனை வைக்காமல் இருந்திருந்தால், அதற்கு முந்தின நாள் நடந்ததையும் சொல்லியிருப்பேன். கீர்த்தனா தன் அப்பாவோடு இங்கே தாயார் கோயிலுக்கு வந்தவள், நம் வீட்டுக்கும் வந்தாள். உன்னிடம் சொல்லிவிட்டு வரவில்லை. நேராக உன் நைனா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மாமா, எனக்குச் சுடுதண்ணி மட்டும் இல்ல, ரசம், குழம்பு, பிரியாணி எல்லாம் வெக்கத் தெரியும். அப்பா சொன்னது கிண்டல். இப்ப நான் சொல்றது நிஜம்" என்றாள். "பிரியாணியா?" என்று உன் நைனா முகம் மலர்ந்துவிட்டது. அவள் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்களுக்கு உன் நைனாவின் நோயால் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று இல்லை. அதை அவள் அப்பா தன் வாயாலேயே சொன்னார்.

ஆனால் போவதற்கு முன்னால் அந்தப் பெண் என்னோடு சமையலறைக்கு வந்தாள். "அத்தை, மாமாவுக்கு இப்படின்னு உங்க புள்ளைக்கு முன்னாடியே தெரியும்ல? அன்னிக்கு எங்க தாய்மாமன் மாமாவ அப்படிப் பேசறப்ப அவரு ஏன் தலைய குனிஞ்சிக்கினு இருந்தாரு?" என்று கேட்டாள். ரூம் போடுகிற திட்டமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்காதே, நான்தான் சொன்னேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா என்னையும் ரூம்ல உக்கார வெச்சிட்டு வேற யாரையாவது பக்கத்துல நிக்க வெச்சிப்பாரா அத்தை?" என்றாள்.

உன்னைப் பெற்றவள் நான். அப்படி இல்லம்மா, என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். "அவனையே கேளும்மா" என்றுதான் சொல்ல முடிந்தது. அவள் கேட்கப் போகிறாள். கல்யாணம் நிற்பதும் நடப்பதும் இப்போது உன் நைனாவின் கையில் இல்லை, என் கையிலும் இல்லை. நீ அவளுக்குச் சொல்லப் போகிற பதிலில் இருக்கிறது. அழகாகப் பேசித் தப்பிக்கலாம் என்று நினைக்காதே. அந்தப் பெண்ணுக்கு முகத்தைப் படிக்கத் தெரிகிறது.

அதற்கு முன்னால் இங்கே வா. வந்து உன் நைனா எதிரே உட்கார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் நின்றால் உன் மனதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பெருமூச்சு விட்டாலும் தெரியாது. "நைனா, நான் பண்ணது தப்பு" என்று வாயைத் திறந்து சொல். உனக்குப் பயமாக இருக்கிறது என்றால் அதையும் சொல். எனக்கும்தான் பயமாக இருக்கிறது. நான் அவரிடம் சொல்லிவிட்டேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணமேடையில் உன் நைனாதான் உட்காருவார். எல்லோரும் அழும்போது சிரிப்பார், ஐயர் மந்திரம் சொல்லும்போது பந்தி எப்போது என்று கேட்பார். நான் பக்கத்தில் இருப்பேன். அதைப் பார்க்கக் கூச்சப்படுகிறவர்களுக்குத்தான் ரூம் போட வேண்டும். அவர்கள் போய் டிவி பார்க்கட்டும்.

இதுவரை எழுதியதை இப்போதுதான் உன் நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். என் குரல் எத்தனை முறை உடைந்தது, எத்தனை முறை பல்லைக் கடித்தேன் என்பது அவருக்கு எட்டவில்லை. முடிந்ததும் கேட்டார்.

"நீ பாபு மேல கோவமா இருக்கியா?"

"ஆமாங்க. ரொம்ப."

"அப்ப அதையும் எழுது. எழுதலன்னா அவனுக்குப் புரியாம போயிடப் போவுது."

எழுதிவிட்டேன் பாபு. நான் உன்மீது கோபமாக இருக்கிறேன்.

அம்மா